அரிசியில் ஆர்செனிக்: மொத்தம் அல்ல, வடிவம்

சிங்கப்பூர் தேக்காவில் வாங்குகிற பொன்னியோ தாய்லாந்து ஜாஸ்மினோ, மொத்த ஆர்செனிக்கை அளந்தால் பாதி வேலைதான் முடிந்தது. கோடெக்ஸ் (பன்னாட்டு உணவுத் தர அமைப்பு) வரம்பு, நச்சு அதிகமான வடிவமான கனிம ஆர்செனிக்குக்கு மட்டும்: கிலோவுக்கு, தீட்டிய அரிசியில் 0.2 மில்லிகிராம், உமி மட்டும் நீக்கியதில் 0.35. நிஸ்ட் (அமெரிக்கத் தர நிறுவனம்) அளவுகளை உறுதிசெய்து தரும் 1568பி என்ற சான்று அரிசிமாவில் மொத்தம் 0.285, வரம்பைத் தாண்டியதுபோலத் தெரியும். ஆனால் அதில் 0.180 டிஎம்ஏ என்ற கரிம வடிவம், கனிமம் வெறும் 0.092. ஒவ்வொரு மாதிரித் தொகுதியோடும் இந்த மாவையும் சேர்த்தே ஓட்டுகிறோம்.

மாவிலிருந்து ஆர்செனிக்கைப் பிரித்தெடுக்க 0.28 மோலார் நைட்ரிக் அமிலம்: அடர் அமிலம் சுமார் 18 மில்லிலிட்டர், தூய நீரில் ஒரு லிட்டராக்க வேண்டும். மாவு 1 கிராம், அமிலம் 10 கிராம், 95 டிகிரியில் 90 நிமிடம். சூடேற்றுமுன் நன்றாகக் குலுக்குங்கள். கட்டி தட்டினால் வெளிப்பக்கம் கூழாகி, உள்ளே மாவு நனையாமலே கிடக்கும். இங்குள்ள புழுக்கத்தில் திறந்து வைத்த மாவு தண்ணீர் இழுக்கும். எடை போடும் அன்றே ஈரத்தையும் அளந்துவிடுங்கள். சூட்டுக்கு முன்னும் பின்னும் குழாயை எடை போட்டால் ஆவியானது தெரியும். மையவிலக்கில் சுற்றாமல் 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டால் அடைத்துக்கொள்ளும்.

வடிவங்களைத் தனித்தனியாகப் பிரிப்பது பிஆர்பி-எக்ஸ்100 என்ற பிரிப்புக் குழல் (column). அதனூடே ஓடுவது பிஹெச் 8.25-இல் 10 மில்லிமோலார் அம்மோனியம் பாஸ்பேட். ஆர்சனைட் (கனிமம்), டிஎம்ஏ, எம்எம்ஏ (இரண்டும் கரிமம்), கடைசியில் ஆர்சனேட் (கனிமம்) என்று ஒவ்வொன்றும் ஒரு சிகரமாக வரும். அமிலக் கரைசலை அப்படியே செலுத்தினால் சிகரங்கள் சிதையும், அம்மோனியாவால் பிஹெச்சை ஏற்றிக்கொள்ளுங்கள்.

பிரித்தெடுக்கும்போதே ஆர்சனைட்டில் ஒரு பங்கு ஆர்சனேட்டாக மாறிவிடும். தனித்தனியே எழுதுவதில் பெரிய அர்த்தமில்லை, இரண்டையும் கூட்டியே கனிமம் என்று கொடுக்கிறோம். முதல் சிகரத்தில் சந்தேகம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஆர்சனைட் முழுவதும் ஆர்சனேட்டுக்கு நகரும். முன்னால் மிச்சம் நின்றால் அது வேறு ஏதோ.

குழலிலிருந்து வருவதை நிறையை வைத்து அளக்கும் கருவியான ஐசிபி-எம்எஸ்ஸில், ஆர்செனிக்கின் நிறையான 75-இல் ஆர்கானும் குளோரினும் சேர்ந்து பொய்ச் சிகரம் காட்டும். ஹீலியம் வாயுவைச் செலுத்தும் மோடில் அது அடங்கும். 77-ஐயும் கவனியுங்கள்: அங்கே மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் துணைச் சிகரம் வந்தால் குளோரைடுதான், ஆர்செனிக் இல்லை.

மைக்ரோவேவில் செரித்து (அமிலத்தில் முழுவதும் கரைத்து) எடுத்த மொத்தத்தோடு வடிவங்களின் கூட்டலை ஒப்பிடுங்கள். குறைந்தால், பிரிப்புக் குழலைக் கழற்றிவிட்டு அதே கரைசலை நேராகச் செலுத்துங்கள். அப்போதும் குறைந்தால் பிரித்தெடுத்தலில் கோளாறு, சரியாக வந்தால் பிரிப்புக் குழலில்.