நீலகிரியின் நீராவி இன்ஜின்களை ஓடவைத்திருப்பவர்கள்

இந்திய ரயில்வேயின் அகலப் பாதையில் வழக்கமான கடைசி நீராவி ரயில் 1995 டிசம்பரில் ஜலந்தருக்கும் ஃபிரோஸ்பூருக்கும் இடையே ஓடி முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மீட்டர் பாதையிலும் கரி வண்டிகள் ஓய்ந்தன. அதன்பிறகும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, மழையும் மண்சரிவும் குறுக்கிடாத நாட்களில், பயணிகள் ரயிலை நீராவி இன்ஜின்தான் மலையேற்றி வருகிறது. இதைச் சுற்றுலாப் பயணிகளைக் கவர்வதற்காக வைத்திருக்கும் அலங்காரம் என்று பலர் எண்ணுகிறார்கள். கல்லாறு நிலையத்துக்கு மேலே ஒருமுறை பாதையைக் குனிந்து பார்த்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள்.

மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரை ஏறத்தாழ 46 கி.மீ. நீளமுள்ள இந்தப் பாதையில், கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான சுமார் 20 கி.மீ. தூரம்தான் கடினமானது. அங்கே சரிவு ஏறக்குறைய 12-க்கு 1. அதாவது பன்னிரண்டு மீட்டர் முன்னே சென்றால் ஒரு மீட்டர் மேலே ஏற வேண்டும். வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு இவ்வளவு எடையுடன் இந்தச் சரிவில் ஏறவும் முடியாது, பத்திரமாக இறங்கவும் முடியாது. ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்களை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த சட்டத்தின் பள்ளம் வருமாறு அவை மாறி மாறி அமைந்திருப்பதால், இன்ஜினின் பற்சக்கரத்துக்கு எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல்லில் உறுதியான பிடி இருந்துகொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. குன்னூருக்கு மேலே சரிவு 25-க்கு 1 என்ற அளவுக்குத் தணிந்துவிடுவதால் பல் சட்டம் தேவைப்படுவதில்லை. அந்தப் பகுதியில் டீசல் இன்ஜின் வேலை செய்கிறது. டார்ஜிலிங் மலைப் பாதையில் பல் சட்டமே கிடையாது. டீசல் வந்ததும் அங்கே நெடுந்தூர ரயில் டீசலுக்கு மாறிவிட்டது, நீராவி பெரும்பாலும் டார்ஜிலிங்குக்கும் கூம் நிலையத்துக்கும் இடையிலான உலா ரயில்களோடு நின்றுவிட்டது. நீலகிரியில் நீராவி நிலைத்ததற்கு அந்த இரண்டு பல் சட்டங்கள் முக்கியமான காரணம்.

இந்தச் சரிவுக்காகவே செய்யப்பட்டவை எக்ஸ் வகை இன்ஜின்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் எஸ்.எல்.எம். நிறுவனம் 1914 முதல் 1925 வரையிலும், பின்னர் 1952-இலும் இவற்றைச் செய்து அனுப்பியது. ஓர் எக்ஸ் இன்ஜினைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரே பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது தெரியும். கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களை ஓட்டும் உயர் அழுத்தச் சிலிண்டர். மேலே இருப்பது பற்சக்கரங்களை ஓட்டும் தாழ் அழுத்தச் சிலிண்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரையிலான சமதளத்தில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்கின்றன. பல் சட்டத்தில் ஏறியதும், கீழ்ச் சிலிண்டரில் ஒருமுறை உழைத்து வெளியேறும் நீராவி புகைபோக்கிக்குப் போகாமல் மேல் சிலிண்டருக்குத் திருப்பப்பட்டு, மறுமுறையும் உழைக்கிறது. இடையில் பல்லிணை இருப்பதால் மேல் சிலிண்டரின் தண்டுகள் கீழே ஓடும் சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன. கல்லாறில் வண்டி மெல்ல நகர்ந்து பற்கள் பொருந்திக்கொள்ளும்போது அடிவயிற்றில் ஓர் அதிர்வு தெரிகிறது; அதையடுத்து புகைபோக்கியின் ஓசை வேறொரு தாளத்துக்கு மாறுவதை ஜன்னலோரத்தில் இருக்கும் எவரும் கேட்கலாம். அந்தப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 13 கி.மீ. மட்டுமே. அந்த நிதானத்தில் இயந்திரத்தின் ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பின்தொடர முடிகிறது என்பதை நான் பெரும்பேறாகவே கருதுகிறேன்.

இன்ஜின் எப்போதும் வண்டியின் கீழ்முனையில் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. இணைப்பு எதுவும் அறுந்தால் பெட்டிகள் பள்ளத்தை நோக்கி ஓடிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே ஏறும்போது ஓட்டுநருக்கு முன்னே உள்ள பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருடைய கண். பாதையில் விழுந்த கல்லையோ குறுக்கே நிற்கும் யானையையோ முதலில் பார்த்துக் கொடியசைப்பவர் அவர். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கையால் பிரேக்கை இயக்குகிறார். இறங்கும்போது சிலிண்டர்களே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவுகின்றன. நீராவியை அடைத்துவிட்டுக் காற்றை உறிஞ்சி அழுத்தும்படி அவற்றை மாற்றிவிட்டால், அந்த எதிரழுத்தம் சக்கரங்களின் ஓட்டத்தைத் தடுக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய இந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதியை இன்றும் மனிதக் கைகளே இயக்குகின்றன. நீராவி ரயில் ஓட்டுவதில் செலவு எங்கே அதிகம் என்று கேட்பவர்களுக்கு இதுவே பாதி விடை.

மறுபாதி பாய்லரில் இருக்கிறது. டீசல் இன்ஜினைச் சாவி திருகியதுபோல் எழுப்பிவிடலாம். நீராவி இன்ஜினுக்கு விடியலுக்கு வெகுமுன்பே வேலை தொடங்கிவிடும். குளிர்ந்திருக்கும் பாய்லரை அவசரமாகச் சூடாக்கினால் தகடுகள் ஒன்றுபோல் விரியாமல், அவற்றைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் குழாய் முனைகளும் கசியத் தொடங்கும். தண்ணீரில் உள்ள உப்பு உள்ளே செதிலாகப் படியும். குறிப்பிட்ட இடைவெளியில் பாய்லரைத் திறந்து கழுவியே ஆக வேண்டும். பாய்லருக்குள் நெருப்பு எரியும் அறையின் கூரைமீது எப்போதும் தண்ணீர் மூடியிருக்க வேண்டும் என்பது எல்லாவற்றிலும் பெரிய விதி. சமதளத்தில் அது எளிது. 12-க்கு 1 சரிவில் பாய்லருக்குள் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும் என்பதால், கண்ணாடிக் குழாயில் தெரியும் மட்டத்தைப் படித்து உள்ளே உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடும் பழக்கம், நெருப்பையும் தண்ணீரையும் கவனிக்கும் ஃபயர்மேனுக்குக் கைவந்திருக்க வேண்டும். ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது பயணிகள் தேநீருக்கும் படத்துக்கும் கீழே இறங்குகிறார்கள். அதே நேரத்தில் இன்ஜின் பணியாளர் ஒருவர் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குவளையுடன் சுற்றி வந்து, சுழலும் தண்டுகளைத் தாங்கும் ஒவ்வொரு தாங்கியின் (பேரிங்) அருகிலும் புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்க்கிறார். புறங்கைத் தோல்தான் சூட்டைச் சட்டென்று உணரும். எந்தத் தாங்கி வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதலாகச் சுடுகிறது என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருப்பதால்தான் வண்டி குன்னூர் போய்ச் சேர்கிறது.

எரிபொருளைப் பற்றி ரயில் ஆர்வலர்களுக்குள் ஓயாத வாதம் உண்டு. தரமான நிலக்கரி கிடைப்பது அரிதானதாலும், கோடையில் பறக்கும் தீப்பொறி காட்டைப் பற்றவைக்கும் அபாயத்தாலும், 2000-களின் தொடக்கத்திலிருந்து எக்ஸ் இன்ஜின்கள் சிலவற்றை எண்ணெயில் எரியுமாறு மாற்றத் தொடங்கினார்கள். கரி மணமும் கரும்புகையும் இல்லாவிட்டால் அது பாரம்பரிய ரயிலே அல்ல என்று சிலர் கொதிக்கிறார்கள். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் உடன்பாடில்லை. நீர் கொதிப்பதும், ஆவி விரிவதும், பற்சக்கரம் பல்லைப் பற்றுவதும் அப்படியே இருக்கின்றன. வறண்ட மார்ச் மாதத்தில் சோலைக் காட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டு எந்தப் பாரம்பரியத்தைக் காப்பாற்றப் போகிறோம்?

என்னை மிகவும் நெகிழவைப்பது திருச்சி பொன்மலைப் பணிமனையின் கதை. பழைய இன்ஜின்கள் தேய்ந்துகொண்டே வந்தன. செய்து கொடுத்த நாட்டில் போய் வாங்கிவரலாம் என்ற நிலையும் இல்லை. அப்போது பொன்மலை, பழுது பார்ப்பதோடு நிற்காமல் புதிய எக்ஸ் இன்ஜின்களையே செய்யத் துணிந்தது. 2011-இலிருந்து எண்ணெயில் எரியும் புதிய இன்ஜின்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 2021-இல் நிலக்கரியில் ஓடும் புதிய இன்ஜின் ஒன்றும் வந்தது. சுற்றிலும் எல்லாப் பாதைகளும் அகலப் பாதையாகிவிட்டதால், மீட்டர் பாதைக்கான இந்த இன்ஜின் தன் சொந்தச் சக்கரத்தில் மேட்டுப்பாளையம் போக வழியில்லை. டிரெய்லர் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். டீசலும் மின்சாரமும் ஆளும் காலத்தில், 1928 முதல் இயங்கிவரும் ஒரு தமிழ்நாட்டுப் பணிமனையில், பாய்லர் தகட்டை வளைத்து, சிலிண்டரை வார்த்துக் கடைந்து, பல்லுக்குப் பல் பொருந்தும் சக்கரத்தை வெட்டியிருக்கிறார்கள். நம் செய்தித்தாள்கள் இதை ஒரு புகைப்படத்தோடும் நான்கு வரிகளோடும் கடந்துவிட்டன.

இது எவ்வளவு அரிய செயல் என்பது வெளியுலகைப் பார்த்தால் விளங்கும். நீராவி ரயிலின் தாயகமான இங்கிலாந்தில், பொதுமக்களின் நன்கொடையில் 'டார்னேடோ' என்ற புதிய இன்ஜினை 1990 தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் உழைத்து 2008-இல் முடித்தார்கள். அதன் பாய்லரை அங்கே செய்து தர ஆளில்லாமல், ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையில் செய்து வாங்கினார்கள். அந்த இன்ஜின் இன்றைய அதிவேக ரயில்களுக்கு நடுவே அதே தண்டவாளத்தில் ஓட வேண்டியிருப்பதால், நவீனப் பாதுகாப்புக் கருவிகளையும் தாங்கிச் செல்கிறது. நிலையங்களில் இருந்த தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் எப்போதோ பிடுங்கப்பட்டுவிட்டதால், வழியில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். வியட்நாமின் தா லாத் மலைப் பாதையிலும் நீலகிரியைப் போலவே ஆப்ட் முறைப் பல் சட்டம் இருந்தது. போர்க்காலத்தில் அந்தப் பாதை சிதைந்தது. அங்கே துருப்பிடித்துக் கிடந்த சுவிஸ் இன்ஜின்களை 1990-இல் சுவிட்சர்லாந்துக்காரர்களே மீட்டுக் கொண்டுபோய், ஃபுர்கா மலைப் பாதையில் தன்னார்வலர்களைக் கொண்டு கோடைக்காலத்தில் ஓட்டுகிறார்கள். நீலகிரி இன்ஜின்களுக்கு அந்த நிலை நேரவில்லை. அவை எந்த மலைக்காகச் செய்யப்பட்டனவோ அதே மலையில் உழைக்கின்றன.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1855-இல் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ஃபேரி குயின் இன்ஜினையும், அதன் கூடப்பிறந்த, கிழக்கிந்திய ரயில்வேயின் இ.ஐ.ஆர். 21 இன்ஜினையும் மறுபடி ஓடவைத்தது பெரம்பூர் லோகோ பணிமனைதான். பீடத்தில் பல்லாண்டுகள் நின்று, பாதி உறுப்புகளை இழந்திருந்த இ.ஐ.ஆர். 21 இன்ஜின் 2010-இல் உயிர்பெற்று, விழா நாட்களில் சென்னைத் தண்டவாளங்களில் வலம் வந்திருக்கிறது. புதிதாகச் செய்து பொருத்திய உறுப்புகள் அதில் ஏராளம். அப்படியானால் அது பழைய இன்ஜின்தானா என்று கேட்கலாம். ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் நீராவி இன்ஜின்கள் ஒவ்வொரு பெரும்பழுதிலும் குழாய்களையும் சக்கர வளையங்களையும் ஏன், பாய்லரையேகூட மாற்றிக்கொண்டுதான் வாழ்ந்தன. அந்த மாற்றும் வேலையை நிறுத்தினால், எஞ்சுவது வர்ணம் பூசிய கூடு மட்டும்.

ஊட்டி ரயிலை யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்தப் பெருமைக்குப் பின் சிறப்பு ரயில்களும் வாடகை ரயில்களும் பெருகியிருக்கின்றன. வருமானம் தேவை என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அன்றாடம் காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் வழக்கமான ரயிலும், அதில் சாதாரணக் குடும்பம் ஒன்று வாங்கக்கூடிய சீட்டும் எந்தக் காலத்திலும் போய்விடக்கூடாது. வருடத்துக்குச் சில நாள் மட்டும் எழுப்பப்படும் இன்ஜினில் கை பழகாது. தினமும் ஓட்டுவதால்தான் குன்னூர் ஷெட்டில் புதிதாகச் சேரும் இளைஞனுக்கு மூத்தவரின் அருகில் நின்று தண்ணீர் மட்டத்தையும் தாங்கியின் சூட்டையும் படிக்கக் கற்றுக்கொள்ள வாய்ப்பு கிடைக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை மூடப்படும் வாரங்களில், பாறையை அகற்றிப் பல் சட்டங்களை மீண்டும் மட்டம் பார்த்துப் பொருத்தும் பாதைப் பணியாளர்களின் அறிவும் இப்படி வேலையின் ஊடே கைமாறியதுதான்.

இந்த அறிவில் பெரும்பகுதி இன்னும் எழுத்தில் வரவில்லை. பொன்மலையில் பாய்லர் கட்டியவர்கள், குன்னூரில் ஃபயர்மேனாக இருந்து ஓட்டுநரானவர்கள், பிரேக்ஸ்மேன்கள் எனப் பலர் ஓய்வுபெற்றுத் திருச்சியிலும் கோவையிலும் மேட்டுப்பாளையத்திலும் வாழ்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து, இயந்திரத்தின் அருகிலேயே நிறுத்தி, ஒவ்வொரு வேலையையும் அவர்கள் பேசும் தமிழிலேயே சொல்லச் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ரயில்வேயும் பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை அது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், கைப்பேசியில் பதிவை அழுத்திவிட்டு, சரிவில் தண்ணீர் மட்டத்தை எப்படிக் கணித்தீர்கள் என்ற ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.