14 மிடி டிராக்கை ஆடியோவாக்கிய கதை

மூன்று வாரமாக ஒரே பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கு நிமிடப் பாட்டு, 14 மிடி டிராக் (வாசிப்பை மட்டும் குறித்து வைத்திருக்கும் வாத்தியத் தடங்கள்), 8 ஜிபி ரேம் போட்ட பழைய லேப்டாப். ரீப்பர் என்கிற இசை மென்பொருளில் மெட்டுப் போடும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாவற்றையும் அளவாகக் கலக்கிற மிக்ஸிங்குக்கு உட்கார்ந்து டிராக் டிராக்காக ஈக்யூ (கனம், கூர்மையைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது) என்று மாட்ட ஆரம்பித்ததும் சரணம் வருகிற இடத்தில் சத்தம் பொரிகிறது, உள்ளே இருக்கிற ஃபேன் கிரைண்டர் மாதிரி இரைகிறது. பஃபரை, அதாவது லேப்டாப் சத்தத்தை முன்கூட்டித் தயாரித்து வைக்கும் அளவை, 128-லிருந்து 1024-க்கு ஏற்றினேன். கேட்பதற்கு அது போதும். ஆனால் கீபோர்டில் ஒரு சின்ன பிட் வாசித்துச் சேர்க்கலாமென்று தொட்டால், விரல் முன்னே போகிறது, சத்தம் பின்னே வருகிறது.

மிடியை ஆடியோவாக மாற்றிவிடு என்று ரொம்ப நாளாகவே நண்பர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எனக்குத்தான் மனசு வரவில்லை. 1983-இல் வந்த இந்த மிடிக்குள் சத்தமே கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் (1 முதல் 127 வரை ஓர் எண்), எப்போது விரலை எடுத்தாய் என்கிற மாதிரி குறிப்புகள்தான். நோட்டில் எழுதி வைத்த சுரம் மாதிரி, அதை எடுத்து வாசிப்பது பிளகின், அதாவது இசை மென்பொருளுக்குள் மாட்டுகிற துணை மென்பொருள். வீணை பிடிக்கவில்லையா, ஒரே கிளிக்கில் கிட்டார். அந்தச் சொகுசை யார் விடுவார்கள்?

முதலில் ஃப்ரீஸ் செய்து, அதாவது டிராக்கைத் தற்காலிகமாக ஆடியோவாக உறைய வைத்துப் பார்த்தேன். வயலின் டிராக்குகள் மூன்றையும் உறைய வைத்ததும் லேப்டாப் அடங்கிவிட்டது. மிடி உள்ளேயே பத்திரமாக இருப்பதால் வேண்டும்போது பழையபடி திறந்துகொள்ளலாம், அதுதான் சிக்கலும்கூட. ராத்திரி உறைய வைப்பேன், காலையில் உருக்கி நான்கு சுரத்தை நகர்த்துவேன். மிக்ஸ் ஓர் அங்குலம் நகரவில்லை.

சரி என்று போன சனிக்கிழமை பிராஜெக்டை வேறு பெயரில் சேமித்துவிட்டு எல்லா டிராக்கையும் தனித்தனியாக ரெண்டர் போட்டேன் (ஆடியோ ஃபைலாக எடுத்தேன்), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு ஸ்டீரியோ டிராக் கிட்டத்தட்ட 69 எம்பி, 14-உம் சேர்ந்து ஒரு ஜிபிகூட வரவில்லை. ஆனால் முதல் ரெண்டர் முழுக்கக் குப்பை. ஃபேடரும் (சத்த அளவு) பேனும் (இடது-வலது நிலை) போட்டபடியே ரெண்டர் ஆகியிருக்கிறது, அதைக் கொண்டுபோய் அதே ஃபேடர், பேன் இருக்கிற பிராஜெக்டில் வைத்துவிட்டேன். 6 டெசிபல் குறைத்திருந்த பியானோ 12 குறைந்து காணாமலே போனது. இரண்டாவது முறை எல்லா ஃபேடரையும் பூஜ்யம் டெசிபலில் (கூட்டலும் குறைத்தலும் இல்லாமல்), பேனை நடுவில் வைத்து, மிக்ஸிங்குக்காக மாட்டிய பிளகின்களை அணைத்துவிட்டு எடுத்தேன். அதில் கடைசிக் கார்டின் வால் அறுந்திருந்தது. மிடி சுரம் முடிந்தாலும் பியானோ அதிர்ந்து அடங்க நேரம் வேண்டுமே. வாலுக்கு 5 விநாடி கூட்டிக்கொடுத்து மூன்றாவது முறை.

இதில் நான் எதிர்பார்க்காத விஷயம் கிக்கும் (டிரம்ஸின் கனத்த அடி) பேஸும் (கீழ்ச்சுர வாத்தியம்). ஒவ்வொரு முறை ப்ளே செய்யும்போதும் அடி ஒரு தரம் கனமாகவும் ஒரு தரம் சோகையாகவும் கேட்கும், என் காதுதான் சரியில்லை என்று நினைத்து ஈக்யூவை மாற்றி மாற்றி வைப்பேன். காது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நான் வைத்திருந்த பேஸ் சிந்தசைசரில் அலையை உண்டாக்குகிற ஆஸிலேட்டர் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், சுரம் விழும்போது அலை எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கிருந்துதான் சத்தம் கிளம்பும். கிக்கின் அலையோடு சேர்ந்து போனால் கனம், எதிரும் புதிருமாக நின்றால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஓடுகிற குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! பேஸை மூன்று முறை ரெண்டர் செய்து, கிக்கோடு வைத்துக் கேட்டு, இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். இனி அது மாறாது.

புல்லாங்குழல் இன்னொரு பாடம். கமகத்துக்காகப் பிளகினில் பிட்ச் பெண்டை (சுரத்தை வளைக்கும் எல்லையை) 12 அரைச்சுரத்துக்கு வைத்திருந்தேன். வேறு குழல் போட்டுப் பார்க்கலாமென்று மாற்றினால் அது வழக்கமான 2-இல் இருந்திருக்கிறது, ரியிலிருந்து பவுக்கு இழுத்த ஜாரு (வழுக்கி ஏறும் கமகம்) ஓர் அரைச்சுரம்கூட முழுசாக ஏறாமல் முனகுகிறது. பழைய குழலுக்கே திரும்பி, அதை உடனே ஆடியோவாக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

இப்போது 14 டிராக்கும் ஆடியோ, பஃபர் மறுபடி 128. நேற்று பாட்டைச் சித்தி மகளுக்கு அனுப்பினேன், அவள்தான் பாடப்போகிறாள். "அண்ணா, எனக்கு எட்டல, ஒரு கட்டை இறக்கிக் குடுங்க" என்று பதில். நல்ல வேளை, மிடி பிராஜெக்டை அழிக்கவில்லை. டிரம்ஸை அப்படியே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இறக்கி ரெண்டர் போட்டிருக்கிறேன். பேஸ் மட்டும் இதுவரை நான்கு தடவை எடுத்தாயிற்று, கிக்கோடு இன்னும் சேரவில்லை.