படத்துக்கு யார் பேர் போட்டது?

இலங்கை மலையகத்தின் அப்புத்தளையில் ஒரு சிறிய தங்குவிடுதிக்கு விளம்பரம் பார்ப்பது என் வேலை. ஆள் வராத நாளில் வரவேற்பு மேசையும் நான்தான். முதலாளி ஒதுக்கும் பணம் துண்டுப்பிரசுரம் அச்சடிப்பதற்கே சரியாகிவிடும். அதனால் லிப்டன் சீட் என்ற மலைமுகட்டுக்குப் போய்வரும் விருந்தினர்களிடமே படம் கேட்டோம்; சிறந்த படத்துக்கு ஓர் இரவு இலவசம் என்றோம். வந்து குவிந்தன. அத்தனையும் சும்மா கிடைத்தது என்று பூரித்துப்போனேன்.

வென்ற படம் உண்மையிலேயே அழகு. பனிமூட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, நெற்றியில் கூடைக் கயிறு அழுந்திய கோடு. எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அவர் பெயரையும் கீழே பொடி எழுத்தில் போட்டோம். இணையப் பொதுவெளியில் அதுதானே முறை? விக்கிமீடியாவில் கிடைக்கும் பெரும்பாலான படங்களை யாரும் எடுத்தாளலாம், எடுத்தவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவே வந்துவிட்டார். நான்காக மடித்த பிரசுரத்தை மேசையில் விரித்தார்.

"தம்பி, இது நான்தானே? கீழே யாருடைய பேர்?"

"படம் எடுத்தவருடையது, அக்கா."

"அவர் ஒரு தடவை அமுக்கினார், பேர் விழுந்துவிட்டது. நான் நாள் முழுக்க மலையில் நின்றேன். கொழுந்து குறைந்தால் எனக்கு அரைப்பேர்தான்."

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை, நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். அதனால்தான் கூடுதலாகச் சுட்டது.

நாங்கள் செய்ததுபோல் பொதுமக்கள் கூட்டத்திடமே வேலையைக் கேட்டு வாங்குவதற்கு, ஜெஃப் ஹவ் என்ற செய்தியாளர் 2006இல் 'கிரௌட்சோர்சிங்' என்ற சொல்லை உருவாக்கினார். அதே ஆண்டு செவ்ரோலே கார் நிறுவனம் தன் டாஹோ வண்டிக்குப் பொதுமக்களையே விளம்பரம் செய்யச் சொன்னது. பலர் அந்த வண்டி குடிக்கும் எரிபொருளைக் கிண்டலடித்துத் தள்ளினார்கள். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அந்தப் பயம்தான்: கூட்டம் நம்மைத் திட்டிவிடுமோ? கூட்டத்துக்கு நாம் என்ன கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. லெகோ பொம்மை நிறுவனத்தில் ரசிகர் ஒருவரின் வடிவமைப்புக்கு 10,000 பேர் ஆதரவு சேர்ந்தால் நிறுவனம் பரிசீலிக்கும். விற்பனைக்கு வந்தால் நிகர விற்பனையில் 1 சதவீதம் அவருக்கு. இதைச் சொன்னபோது முதலாளி, "நாம் என்ன லெகோவா?" என்று சிரித்தார். இரண்டு நாள் வாதாடி, பரிசாகக் கொடுத்த அறை வாடகைக்குச் சமமான தொகையை அக்காவுக்கும் வாங்கிக் கொடுத்தேன்.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். அடுத்த அச்சில் அவர் பெயரையும் போடுகிறோம் என்றதும், "அப்படியானால் இந்தப் படம் வேண்டாம். களைத்துப்போய் நிற்கிறேன்" என்றார். மகள் எடுத்த ஒன்றை மாலையே கைபேசியில் அனுப்பினார்: லயத்து வாசல், ரோசாச் செடி, திருவிழாப் புடவை, வாய் நிறையச் சிரிப்பு.

முதலாளி நெடுநேரம் பார்த்தார். "இதில் தேயிலையே இல்லையே?" என்றார்.