எதிர்ப்பு மனுவுக்கும் கட்டணமாம்

2024 மார்ச் 15 அன்று இந்தியக் காப்புரிமை விதிகளைத் திருத்தினார்கள் அல்லவா, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் "வேலை சுலபமாகிவிட்டது" என்றே சொல்கிறார்கள். விண்ணப்பிக்கிறவருக்குச் சுலபம்தான், மறுக்கவில்லை. படிவம் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதே கண்டுபிடிப்புக்கு வெளிநாட்டில் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்துக்குள் இங்கே தெரிவிக்க வேண்டியிருந்தது. ஒன்றை மறந்தாலும் போச்சு, பின்னாளில் எதிராளி அதையே பிடித்துக்கொண்டு காப்புரிமையை ரத்து செய்யச் சொல்வார். இப்போது காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசீலித்து அனுப்பும் முதல் ஆய்வறிக்கை வந்தபின் மூன்று மாதத்துக்குள் புதுப்பித்துக் கொடுத்தால் போதும். நல்ல மாற்றம்.

விண்ணப்பத்தை ஆய்வு செய்யுங்கள் என்று அலுவலகத்தைக் கோருவதற்கான கெடுவை 48 மாதத்திலிருந்து 31 ஆகக் குறைத்ததும் சரிதான், ஆனால் சின்ன ஆட்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு. தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பைப் பற்றிய முதல்கட்ட விவரம்) போட்டுவிட்டு, பன்னிரண்டாம் மாதக் கடைசியில் முழு விவரக்குறிப்பு போடுகிறவருக்கு அப்புறம் மீதி இருப்பது 19 மாதம்தான். அதற்குள் ஆய்வு கோரும் படிவம் 18 போகாவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. காப்புரிமையை நாட்டில் உண்மையில் பயன்படுத்துகிறார்களா என்று சொல்லும் படிவம் 27-ஐ வருடா வருடம் கொடுக்க வேண்டும் என்றிருந்தது, இனி மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை. வெறும் சம்பிரதாயக் காகிதம்தானே என்று தோன்றும். ஆனால் 2012-இல் நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க நாட்கோ என்ற இந்திய நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமையாளர் சம்மதம் இல்லாமலே அரசு தரும் அனுமதி) கொடுத்தபோது, காப்புரிமை வைத்திருந்த பேயர் நிறுவனம் தானே தாக்கல் செய்திருந்த இந்த விவரங்களையும் வைத்துத்தான் மருந்து போதிய நோயாளிகளுக்குப் போய்ச் சேரவில்லை என்று முடிவு செய்தார்கள். மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய் விற்ற மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது.

அடுத்தது, காப்புரிமை வழங்கும் முன்பே எதிர்க்கும் உரிமை. சட்டத்தின் 25(1) பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம், 2024 திருத்தம் வரும்வரை அதற்குக் கட்டணமே கிடையாது. கிளீவெக் என்ற புற்றுநோய் மருந்துக்கான நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் விண்ணப்பத்தை 2006-இல் சென்னை காப்புரிமை அலுவலகம் நிராகரித்ததே, எதிர்த்தவர்களில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு சங்கமும் உண்டு. 2013-இல் உச்ச நீதிமன்றமும் அந்த நிராகரிப்பையே உறுதி செய்தது. பெடாகுயிலின் என்ற காசநோய் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கப் பார்த்த விண்ணப்பத்தை எதிர்த்தவர்கள் நந்திதா வெங்கடேசன், பூமேசா டிசிலே என்ற இரண்டு பெண்கள். இருவருமே காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய மருந்துகளின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது.

புது விதிப்படி எதிர்க்க, தனிநபர், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் போன்ற சலுகைப் பட்டியலில் இருப்பவர்களுக்கு 4,000 ரூபாய், மற்றவர்களுக்கு 20,000. இணையத்தில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் கட்டணமோ முறையே 1,600, 8,000 தான் (ஆய்வுக் கட்டணம் தனி). அதாவது காப்புரிமை கேட்பதைவிட, கொடுக்காதீர்கள் என்று சொல்ல இரண்டரை மடங்கு செலவு! பணம் கட்டினாலும் மனு ஏற்கத்தக்கதா என்று கன்ட்ரோலர் (முடிவெடுக்கும் காப்புரிமை அதிகாரி) முதலில் பார்ப்பார், இல்லை என்று தோன்றினால் விசாரணை கேட்டுப் போராட வேண்டும்.

பினாமி பெயர்களில் ஒன்றன்பின் ஒன்றாக மனு போட்டு ஒரு விண்ணப்பத்தை வருடக்கணக்கில் இழுத்தடித்தவர்கள் இருந்தார்கள், அதனால்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். அந்தப் புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் பினாமி ஆளை அனுப்புகிற கம்பெனிக்கு நாலாயிரம் ஒரு காசா? இடிப்பது நோயாளிகள் நடத்தும் அறக்கட்டளைக்குத்தான், அதுவும் 20,000 ரூபாய் வரிசையில் போய் நிற்கிறது. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தவர்கள், நோயாளி அமைப்புகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சட்டத்தைத் தொடக்கூட வேண்டாம், இன்னொரு விதித் திருத்தமே போதும்.