என்னம்மா சாப்பிட்ட?

24 அக்டோபர் 2024, வியாழன். பாரி, இத்தாலி

என் ஹாஸ்டல் தோழி வாத்து, ரயில் நிலையத்து வாசலில் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வருடமாகியும் அந்த நடை மாறவில்லை. ஹாஸ்டலில் பேர் வைத்த புண்ணியவதி யாரென்று இருவருக்கும் ஞாபகமில்லை.

பெட்டியைக் காரில் போட்டுவிட்டு நேராகப் பழைய ஊருக்குள் போனோம். ஆர்கோ பாஸ்ஸோ என்று ஒரு சந்து. வாசலிலேயே மேசை போட்டுப் பெண்கள் ஓரெக்கியெத்தே என்ற பாஸ்தா செய்கிறார்கள். 'குட்டிக் காதுகள்' என்று அர்த்தமாம். மாவைக் கயிறாக உருட்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, மழுங்கிய கத்தியால் அழுத்தித் தன் பக்கம் இழுத்து, சுருண்டதைக் கட்டைவிரலில் கவிழ்த்துவிட்டால் ஒரு காது. கை பாட்டுக்குச் செய்கிறது, வாய் எதிர் வீட்டோடு சண்டை போடுகிறது. முட்டை கிடையாது. கெட்டிக் கோதுமை ரவையும் தண்ணீரும், அவ்வளவுதான்.

2 மணிக்குப் போன். அப்பா இருக்கும் ஆஸ்பத்திரியில் 5.30. தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னம்மா சாப்பிட்ட?"

சொன்னேன். வெறும் மாவா, தொட்டுக்க என்ன என்றார் அப்பா. முள்ளங்கிக் கீரைக்குச் சித்தி மகள் மாதிரி ஒரு கீரை, பூண்டு, மிளகாய், நெத்திலி.

"நெத்திலியா?"

அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

25 அக்டோபர், வெள்ளி

அப்பாவுக்கு உள்ளே கசிவு இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை டெஸ்ட் என்றார்கள். இன்று வெள்ளிக்கிழமை. திங்கள் என்கிறார்கள்.

26 அக்டோபர், சனி. அல்தமூரா

பாரியிலிருந்து மேட்டில் ஏறி ஒரு மணி நேரம். வழியெல்லாம் சுண்ணாம்புக் கல், அறுத்து முடித்த வயல். முர்ஜா என்கிறார்கள் இந்த மேட்டை. வாத்தின் மாமியார் வாசலிலேயே என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, "சாப்பிடுவதில்லையா?" என்றார். மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நோன்னா என்றால் பாட்டி. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும்.

இந்த ஊர் ரொட்டிக்கு 2003-ல் ஐரோப்பாவில் புவிசார் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். மேல் தோல் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் இருக்கிறது. உள்ளே மஞ்சள், கெட்டிக் கோதுமையின் மஞ்சள். முன்பெல்லாம் வீட்டில் மாவு பிசைந்து ஊர் அடுப்புக்குக் கொண்டுபோவார்களாம். எது யாருடையது என்று தெரிய, குடும்பத்தின் எழுத்து செதுக்கிய மரமுத்திரையை மாவில் குத்திவிடுவார்கள். நோன்னாவிடம் அவர் மாமியாரின் முத்திரை இருக்கிறது. உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

ரொட்டியை வெட்டிவிட்டு மேசையில் வைத்தேன். நோன்னா பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி அதைத் திருப்பி வைத்தார். நான் தலைகீழாக வைத்திருக்கிறேன். கூடாதாம், வீட்டுக்கு ஆகாது. வாத்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை வருகிறதே.

27 அக்டோபர், ஞாயிறு

இன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினார்கள். எனக்குத் தெரியும், தம்பிக்குச் சொல்ல மறந்துவிட்டேன். நான் 2 மணிக்குக் கூப்பிட்டபோது அங்கே 6.30. அப்பா 5.30-லிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். எடுத்ததும், "அங்க இன்னும் சோறு ஆகலியா?" என்றார். கோபம்தான்.

சமாதானமாக ஒரு கதை சொன்னேன். 2001-ல் இந்த ஊருக்கு ஒரு பன்னாட்டு பர்கர் கடை வந்தது. ஒட்டினாற்போல ஒரு ரொட்டிக்காரர் தன் அடுப்பில் ஃபொகாச்சா போட்டுக்கொண்டிருந்தார். தக்காளியும் ஆலிவும் பதித்த தட்டை ரொட்டி. சனங்கள் இவரிடம் வாங்கி அங்கே உட்கார்ந்து தின்றதுண்டு. 2002 முடிவதற்குள் பர்கர் கடை மூடியாகிவிட்டது.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்துப் படுக்கைக்காரரிடமும் சொல்லியிருக்கிறார்.

28 அக்டோபர், திங்கள்

கசிவு இருக்கிறதாம். சின்னதுதான். இன்னும் பத்துப் பதினான்கு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு குழாய் வழிதான்.

29 அக்டோபர், செவ்வாய்

தூக்கம் வராமல் ஐந்தரைக்கு எழுந்தேன். நோன்னா எனக்கு முன்னால் அடுப்படியில். தோல் நீக்கிய காய்ந்த ஃபாவே, நம் மொச்சையைவிடத் தட்டையாக, பழந்தந்த நிறத்தில். ராத்திரியே ஊற வைத்திருக்கிறார். பின்யாத்தா என்ற இரண்டு காதுள்ள மண்பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, கணப்பில் நெருப்பை ஒட்டி வைத்தார். நெருப்பின் மேல் இல்லை, பக்கத்தில். நுரை வரவர எடுத்துக் கொட்டினார். கரண்டியே போடவில்லை. கிளறினால் அடிப்பிடிக்கும் என்கிறார். எனக்குத் தலைகீழாகத் தோன்றியது, கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பருப்பு தானாகவே சரிந்து மாவானது. அப்போதுதான் மரக்கரண்டியை எடுத்து, எண்ணெயை மெல்ல விட்டு விட்டு அடித்தார். எண்ணெயைக் குடித்துக் குடித்து வெளுத்தது. பக்கத்தில் வேக வைத்த காட்டுச் சிக்கோரியா. பயங்கரக் கசப்பு. மேலே மறுபடி பச்சை எண்ணெய்.

பருப்பு மசியலும் கீரையும்தான் என்று எழுதிவிடலாம். ஆனால் அது இல்லை. தாளிப்பு இல்லை, மஞ்சள் இல்லை, புளி இல்லை. முதல் வாய் மொண்ணையாக இருந்தது. மூன்றாவது வாயில்தான் அந்தக் கசப்பு ஏன் இருக்கிறது என்று புரிந்தது. பருப்பின் இனிப்பைக் கசப்பு பிடித்து நிறுத்துகிறது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். "பானைய நெருப்புக்குப் பக்கத்துலயா? எவ்வளவு தள்ளி?" ஒரு சாண் என்றேன். "ஒரு சாணா, ஒன்றரையா?" ஓடிப்போய் அளந்துவிட்டு வந்து சொன்னேன். ஒரு சாணுக்கும் குறைவு.

30 அக்டோபர், புதன்

கிரானோ அர்சோ. எரிந்த கோதுமை. அறுவடை முடிந்து தாளுக்குத் தீ வைத்த பிறகு, கருகிய மணிகளைக் குனிந்து குனிந்து பொறுக்கி அரைத்த மாவு. நிலமில்லாதவர்களின் மாவு. இப்போது கோதுமையை வேண்டுமென்றே வறுத்து அரைத்து, சாதா மாவைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நோன்னா அதை வீட்டுக்குள் விடுவதில்லை. "போதும், தின்றாயிற்று."

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. வாத்து ரவா கேசரி செய்யலாம் என்றாள். வீட்டில் இருந்தது இருமுறை அரைத்த ரவை, ரொட்டிக்கானது, மைதா மாதிரி நைசு. வறுத்தால் சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். கட்டி கட்டியாக, களியுமில்லை அல்வாவுமில்லை. முந்திரிக்குப் பதில் பாதாம். நோன்னா இரண்டு கரண்டி சாப்பிட்டு "தித்திப்புப் பொலெந்தா" (பொலெந்தா இவர்களுடைய மக்காச்சோளக் களி) என்று தீர்ப்பு சொல்லிவிட்டு மூன்றாவதும் எடுத்துக்கொண்டார்.

அப்பா சிரித்தார். இருமல் வந்துவிட்டது. தம்பி போனை வாங்கிக்கொண்டான்.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். நோன்னா பிறந்தது ஃபொஜ்ஜா பக்கம். அங்கே இன்றைக்கு 'இறந்தவர்களின் கோதுமை' செய்வார்கள். கோதுமையை முழுசாக ஊற வைத்து வேக வைத்து, மாதுளை முத்து, வால்நட் கலந்து, மேலே வின்கோத்தோ. அது திராட்சைச் சாற்றைக் கருக்கக் காய்ச்சிய பாகு. மாதுளையை நான்தான் உதிர்த்தேன். விரல் இன்னும் கறையாக இருக்கிறது.

நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனபோது சாப்பாட்டு மேசையில் விரிப்பு போட்டு ரொட்டியும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்திருந்தது. யாராவது சாப்பிடாமல் இருக்கிறார்களோ என்று நினைத்தேன். வருகிறவர்களுக்கு என்று காலையில் வாத்து சொன்னாள். நோன்னா என்னிடம், உங்கள் வீட்டில் யார் என்று கேட்டார். அம்மா பேரைச் சொன்னேன். அவர் வாயில் அது நுழையவில்லை. மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கோதுமை ரொம்ப ருசி. ஒவ்வொரு மணியும் பல்லில் வெடிக்கிறது.

"என்னம்மா சாப்பிட்ட?"

"மாதுளம்பழம்."

"அவ்வளவுதானா?"

"வயிறு சரியில்லப்பா."

3 நவம்பர், ஞாயிறு

வயிறு எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்டார்.

5 நவம்பர், செவ்வாய்

தம்பி தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, தயவு செஞ்சு சாப்பாட்டுப் பேச்சை நிறுத்து. நீ வச்ச பிறகு அவர் நர்ஸம்மாகிட்ட ஒரு வாய் ரசம் கேட்டு அடம் பிடிக்கறாரு. ராத்திரி முழுக்க நான்தான் பக்கத்துல இருக்கேன்."

அவன் சொல்வது சரி. நான் இங்கே தின்றுகொண்டிருக்கிறேன், அவன் அங்கே குழாயைக் கழுவிக்கொண்டிருக்கிறான். ஆனால் அப்பா என்னிடம் வேறு எதையும் கேட்பதில்லை. வலிக்கிறதா என்றால் "அத விடு". தூங்கினீர்களா என்றால் "அத விடு". ஊரைப் பற்றி ஆரம்பித்தேன். அல்தமூரா கோயிலை 1232-ல் இரண்டாம் ஃப்ரெடரிக் என்ற சக்கரவர்த்தி கட்ட ஆரம்பித்தார், வாசலில் இரண்டு சிங்கம். "சரி சரி, அங்க பக்கத்துல ஓட்டல் இருக்குமே?"

லம்பஷோனி பற்றிச் சொல்லவில்லை. சின்ன வெங்காயம் மாதிரி கிழங்கு, கசப்பு, வேக வைத்து வினிகரும் எண்ணெயும் ஊற்றி. அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

6 நவம்பர், புதன்

சொல்லிவிட்டேன்.

8 நவம்பர், வெள்ளி

பழைய ரொட்டி. நாலு நாள் ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்து, வெங்காயம், தக்காளி, உப்பு, ஓரெகானோ, எண்ணெய். இதற்குச் சல்லெட்டா என்று பேர். வயலுக்குப் போகிறவர்களின் காலைச் சாப்பாடு. வெயில் காலத்துப் பண்டம், நவம்பரில் யார் தின்பார்கள் என்று நோன்னா முணுமுணுத்தார். நான் கேட்டதால்தான் செய்தார்.

அப்பா உடனே, "பழையசோறு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா ஊறுமா? கஞ்சியாட்டம் ஆகுமா? டாக்டர்கிட்ட கேளேன், இது திரவத்துல சேருமான்னு."

கேட்கிறேன் என்றேன். யாரிடம் கேட்பது?

9 நவம்பர், சனி

ஆலிவ் ஆலை. வாத்தின் வீட்டுக்காரர் ஒன்பது பெட்டி காய் கொண்டுபோனார், எல்லாம் கொராத்தினா ரகம். உள்ளே நுழைந்தாலே அறுத்த புல் வாசனை. கழுவி, இலை ஊதி, கொட்டையோடு நசுக்கி, அரைத்த விழுதை மெல்லப் பிசைந்துகொண்டே இருக்கிறார்கள். அப்புறம் சுழல் எந்திரம். கடைசியில் குழாயில் வந்தது எண்ணெய் மாதிரியே இல்லை. கலங்கல், கிளிப்பச்சை. ரொட்டியைச் சுட்டு நனைத்துக் கொடுத்தார்கள். முதலில் ஒன்றுமில்லை, அப்புறம் தொண்டையில் மிளகு மாதிரி ஒரு பிடி, இரண்டு இருமல். எல்லோரும் கைதட்டினார்கள். இருமினால்தான் நல்ல எண்ணெயாம். ஓலியோகாந்தால் என்று ஒரு பொருள் தொண்டையைப் பிடிப்பதால் வருகிற இருமல்.

காத்திருந்த நேரத்தில் வீட்டுக்காரர் தெற்கே கல்லிப்போலி பக்கம் இருக்கும் மாமாவின் தோப்பைப் பற்றிச் சொன்னார். 2013-ல் அங்கேதான் அந்த நோயை முதலில் கண்டுபிடித்தார்கள். சைலெல்லா என்ற பாக்டீரியா. எச்சில் நுரை கட்டுகிற ஒரு பூச்சி பரப்புகிறது. மரத்துக்குள் தண்ணீர் ஏறுகிற குழாய்களில் குடியிருந்து அடைத்துவிடும். வேர் நன்றாக இருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும். தண்ணீர் மேலே போகாது. நூற்றாண்டு கண்ட மரங்கள் நின்ற இடத்திலேயே

அப்புறம் நான் கேட்கவில்லை. வெளியே போய் நின்றேன். குளிர்.

இன்று போனில் எண்ணெயைப் பற்றி மட்டும் சொன்னேன். இருமலைப் பற்றி அப்பா இரண்டு தடவை கேட்டார்.

11 நவம்பர், திங்கள்

சான் மார்த்தினோ, புனித மார்ட்டின் திருநாள். இந்த நாளில் எல்லாச் சாறும் ஒயினாகிவிடும் என்று பழமொழி. புது ஒயின் திறந்தார்கள், கஷ்கொட்டை சுட்டார்கள். நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இரண்டு கஷ்கொட்டை தோலோடு கருகியது என் பொறுப்பில்.

மாலை 4.10-க்குத் தம்பியின் மெசேஜ்: கசிவு இல்ல. தண்ணி குடுக்கச் சொல்லிட்டாங்க. மூணு ஸ்பூன்.

நோன்னாவிடம் வாத்து சொன்னாள். அவர் என் தம்ளரில் ஒயினை விளிம்பு வரை ஊற்றிவிட்டார். நான் குடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும்.

13 நவம்பர், புதன்

வடிகஞ்சி கொடுத்திருக்கிறார்கள். உப்பே இல்லை, என்ன கஞ்சி வைக்கிறான், வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் இவன் கேட்கமாட்டேன் என்கிறான் என்று அப்பா பத்து நிமிடம் புலம்பினார். குரல் நன்றாக இருக்கிறது. மதியத்துக்கு ஓரெக்கியெத்தே நானே இழுத்தேன், நாற்பது தேறியது, சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

கேட்கவில்லை. "எப்ப வர்ற?" என்றார். பதினாறாம் தேதி ராத்திரி ஏறுகிறேன் என்றேன். "சரி. உப்பு போடச் சொல்லிட்டு வை, இவன்கிட்ட."

14 நவம்பர், வியாழன்

ஐந்து லிட்டர் எண்ணெய் டப்பா பெட்டிக்குள் படுக்கிறது, ஆனால் மூடி கசியாது என்று யார் பொறுப்பு. வாத்து பிளாஸ்டிக் சுற்றலாம் என்கிறாள். நோன்னா தன் பங்குக்கு இரண்டு கிலோ ஃபாவே கட்டி வைத்திருக்கிறார். பானைக்கு என்ன செய்வாய் என்று கேட்கிறார். எங்கள் ஊரில் இல்லாத மண்பானையா? கணப்புக்குத்தான் வழியில்லை. காஸ் அடுப்பில் பக்கத்தில் வைப்பது எப்படி?