பொன்மணி சாய்ந்த வருஷத்தில் தரங்கம்பாடியும் வேளாங்கண்ணியும்

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகத் தரங்கம்பாடி போகிற பஸ்ஸில் எந்த மாதம் ஏறினாலும் அறுபதாம் கல்யாணத்துக்கோ எண்பதாம் கல்யாணத்துக்கோ போகும் குடும்பம் ஒன்றாவது இருக்கும். திருக்கடையூரில் அபிராமி சன்னதிக்கு அவர்கள் இறங்கியதும் பஸ் பாதி காலியாகிவிடும். மாசி மாதம் நாங்கள் போன அன்றும் அப்படித்தான். பட்டுப்புடவைகளும் பழத்தட்டுகளும் இறங்கிப் போன பிறகு என் மாமியார், என் கணவரின் அக்கா, நான் என்று மூன்று பெண்கள் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தோம். சந்தோஷக் காரியத்துக்குப் போகிறவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அந்த வருஷம் எங்களுக்கு விளைச்சல் இல்லை. சம்பாவுக்குப் பொன்மணி போட்டிருந்தோம். நூற்றைம்பது நாளுக்கு மேல் வயலில் நிற்கிற நெல் அது. தையில் அறுவடைக்கு ஆள் பேசி, மெஷினுக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. பயிர் சாய்ந்தது. தண்ணீர் வடிவதற்குள் கதிரிலேயே முளை விட்டுவிட்டது. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்னால் நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். நெல் போனாலும் உளுந்து கைகொடுக்கும் என்பார்கள். அதுவும் தண்ணீரில் அழுகியது. நகையை வைத்துத்தான் உரம் வாங்கியிருந்தோம்.

நாங்கள் லுத்தரன் சபை, புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். அண்ணி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். வேளாங்கண்ணி மாதாவுக்கு அவருக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. "வழியிலதானே தரங்கம்பாடி, நீங்களும் வாங்களேன், உங்க கோயிலையும் பாத்துட்டுப் போவோம்" என்று கூப்பிட்டார். அத்தை உடனே கிளம்பிவிட்டார். எனக்கு மனசில்லை. அதற்குக் காரணமும் அத்தைதான்.

அத்தையிடம் ஒரு ஸ்தோத்திரப் புத்தகம் உண்டு. பார்த்திருப்பீர்கள், 'ஆயிரம் ஸ்தோத்திரங்கள்' என்று கையடக்கமாக வரும். வேதத்திலிருந்து தேவனுடைய நாமங்களையும் செயல்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் 'உமக்கு ஸ்தோத்திரம்' என்று கோத்திருப்பார்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அதை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பங்கரைக்கு வருவார். வயல் மூழ்கிக் கிடந்த வாரத்திலும் ஒரு நாள் விடவில்லை. பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு அதைக் கேட்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். எதற்கு ஸ்தோத்திரம்? முளைத்துப் போன நெல்லுக்கா? துக்கத்தைத் துக்கமாகவே பார்க்க விடாத பக்தி என்று நினைத்தேன். இன்றைக்கும் சில ஜெபக் கூட்டங்களில் அந்த மாதிரிப் பக்தியைப் பார்க்கிறேன். வீட்டில் சாவு விழுந்தவளைப் பிடித்து நிறுத்தி "துதியுங்க சிஸ்டர், துதிச்சா பாரம் இறங்கும்" என்பார்கள். அவள் அழுது முடிக்கட்டும் என்று விடமாட்டார்கள்.

தரங்கம்பாடியில் நகர வாசலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் புது எருசலேம் ஆலயம் வரும். ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் கட்டியது (போதகரை நாங்கள் ஐயர் என்போம்), 1718-ல் பிரதிஷ்டை. ஆனால் அன்று அண்ணி எங்களை முதலில் கோட்டைக்குத்தான் கூட்டிப்போனார், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம் என்று. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை. மேல்தளத்தில் அருங்காட்சியகம். கீழே தாழ்ந்த அறைகள்: சரக்கு வைக்கவும் வெடிமருந்துக் கிடங்குக்கும் கைதிகளை அடைக்கவும் இருந்தவை.

இந்தக் கோட்டையில்தான் சீகன்பால்கு ஐயரை அடைத்தார்கள். 1706 ஜூலை 9-ஆம் தேதி சக மிஷனரி புளுட்சௌ ஐயரோடு இந்தக் கரையில் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்து நாலுகூட முடியவில்லை. டென்மார்க் ராஜா அனுப்பி வந்தவர்தான், ஆனால் ராஜாவின் ஆட்களுக்கே அவரைப் பிடிக்கவில்லை. சவரத் தொழிலாளி ஒருவரின் விதவைக்கு ஒரு கடன் வழக்கு. அதில் இவர் அந்த அம்மாவுக்காகத் திரும்பத் திரும்பப் பேசியது கோட்டைத் தலைவர் ஹாசியஸுக்குப் பொறுக்கவில்லை. 1708 கடைசியில் காவலில் போட்டார். ஏறக்குறைய நாலு மாதம். புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுத ஆரம்பித்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த வேலை அப்படியே நின்றது.

ஞாயிறு பள்ளியில் சிறை என்றால் எங்களுக்கு ஒரே ஒரு கதைதான் சொல்லித் தருவார்கள். பவுலும் சீலாவும் பிலிப்பியில் அடிபட்டு, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் துதித்துப் பாடுகிறார்கள். பூமி அதிர்கிறது, கதவுகள் திறக்கின்றன. துதித்தால் கதவு திறக்கும் என்று பிரசங்கம் முடிந்துவிடும். தரங்கம்பாடியில் பூமி அதிரவில்லை. கதவும் நாலு மாதம் திறக்கவில்லை. வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து எழுதினார். 1715-ல் இதே ஊரில் அச்சாகி வந்தது புதிய ஏற்பாடு. ஆலயம் எழும்பிய நாலைந்து மாதத்தில், 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். பலிபீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்திருக்கிறார்கள். கோட்டையிலிருந்து ஆலயத்துக்கு வந்து அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: கதவு திறந்ததற்காகச் சொல்லும் ஸ்தோத்திரத்தை விட, திறக்காத நாலு மாதத்தில் அவர் என்ன சொல்லி ஜெபித்திருப்பார் என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

ஆலயத்தில் அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை. அத்தை முன் வரிசையில் உட்கார்ந்து என்னிடம் வேதாகமத்தை நீட்டினார். "ஆபகூக் மூணு, கடைசியில படி. கண்ணாடிய பஸ்லயே விட்டுட்டேன் போல." படித்தேன்.

"அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும், வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்..."

அந்த இடத்தில் அத்தை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, நான் படித்த அதே ராகத்தில், தன் வார்த்தையில் ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, பொன்மணி கதிர்லயே முளைச்சுப் போச்சு. வடக்கு வயல்ல ஒரு மூட்டை தேறல. தெளிச்ச உளுந்து அழுகிப் போச்சு. செவலைப் பசு மூணாந்தரமும் சினை நிக்கல. இந்தப் பொண்ணோட வளையல் ரெண்டும் அடகுல கெடக்கு. எம் மவன் ராத்திரியில தூங்கமாட்டேங்குறான். பெரியவளுக்குப் புருசன் இல்ல." கொஞ்ச நேரம் நிறுத்தினார். பிறகுதான், "ஆனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்."

எனக்குத் தெரியாத கணக்கு ஒன்றுகூட அதில் இல்லை. என் வளையலை அவர் கவனித்திருக்கிறார் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அடகு வைத்ததை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. ஆயிரம் ஸ்தோத்திரத்துக்கு முன்னால் தினமும் இப்படி ஒரு பட்டியல் ஓடுகிறது என்றும், அதை வாய்விட்டுச் சொன்னால் வீட்டில் கேட்கிறவர்கள் உடைந்துபோவார்கள் என்று மனசுக்குள்ளேயே சொல்லிவிட்டு ஸ்தோத்திரத்தை மட்டும் சத்தமாகச் சொல்கிறார் என்றும் வெளியே வேப்பமர நிழலில் விசாரித்தபோது சொன்னார். "குறைய அவர்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது? சொல்லாம துதிச்சா அது முகஸ்துதி."

ஆபகூக் அப்படித்தான் எழுதியிருக்கிறார். இல்லாத ஒவ்வொன்றையும் பேர் சொல்லி எண்ணிவிட்டுத்தான் களிகூருகிறார். புத்தகமே "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன்" என்ற சண்டையில்தான் தொடங்குகிறது. சங்கீதங்களிலும் புலம்பல் கொஞ்சமா! பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பும். 88-ஆம் சங்கீதம் திரும்பவே திரும்பாது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். அதையும் தூக்கிப் போடாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்களே, அதற்கு நான் நன்றி சொல்வேன். எங்கள் சபைக்கு நன்றிப் பாட்டு ஒன்றைக் கொடுத்த மார்ட்டின் ரிங்கார்ட் ஐயரும் சுகமாக இருந்து எழுதியவர் இல்லை. முப்பதாண்டுப் போர் நடந்த காலத்தில் ஜெர்மனியின் ஐலன்பர்க் ஊர்ப் போதகர். 1637 கொள்ளைநோயில் ஆயிரக்கணக்கானவர்களை அடக்கம் செய்தார். அதில் அவர் மனைவியும் ஒருத்தி.

காரைக்காலில் ஒரு பஸ், நாகப்பட்டினத்தில் ஒரு பஸ் மாறி வேளாங்கண்ணி போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. நாகூர் தர்கா மினாராக்களைப் பார்த்ததும் அத்தை கைகூப்பினார், அண்ணி சிலுவை போட்டுக்கொண்டார். அபிராமி, நாகூர் ஆண்டவர், மாதா என்று அழுகிறவர்களை இறக்கிவிட்டுக்கொண்டே போகும் சாலை அது.

தவக்காலம் என்பதால் கூட்டம் குறைவு. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வந்தால் கால் வைக்க இடம் இருக்காது. பூசையில் அத்தை பழக்கதோஷத்தில் உரக்க ஒரு "அல்லேலூயா" போட, முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அம்மா, சாம்பல் புதன்லேருந்து ஈஸ்டர் வரைக்கும் நாங்க அத பாடமாட்டோம்" என்று அண்ணி காதோடு சொன்னார். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. துதிக்கிற சபையே வருஷத்தில் நாற்பது நாளைக்கு அந்த ஒரு சொல்லை எடுத்து வைத்துவிடுகிறதே! அத்தைக்குப் பிடிக்கவில்லை. "நாப்பது நாள் எப்படிம்மா அடக்கி வைக்கிறது" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

காணிக்கைகளை வைத்திருக்கிற காட்சிக்கூடத்தில் வெகுநேரம் நின்றேன். கண், கை, கால், இருதயம், வீடு, தொட்டில் என்று வெள்ளியிலும் தங்க முலாமிலும் வரிசை வரிசையாக உருவங்கள். கூடவே நன்றிக் கடிதங்கள். பரீட்சை பாஸானது, கட்டி கரைந்தது, விசா கிடைத்தது. எல்லாம் நிறைவேறிய ஜெபங்கள். நிறைவேறாதவர்கள் எங்கே கடிதம் வைப்பார்கள் என்று தேடுகிற கண் எனக்கு அன்று இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. பேராலயத்துக்குள் சுனாமி அலை வரவில்லை என்று உள்ளே இருந்தவர்கள் இன்றும் சாட்சி சொல்கிறார்கள். வெளியே கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களும் கடைக்காரர்களும் நூற்றுக்கணக்கில் போனார்கள். தமிழ்நாட்டில் அதிகம் பேரை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம்தான். தப்பியவர் நன்றி சொல்வது நியாயம். ஆனால் அந்தச் சாட்சியை, கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வது? மெதுவாகத்தான் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். சில சமயம் சொல்லாமலும் இருக்கலாம்.

அண்ணியின் நேர்ச்சை அவர் வீட்டுக்காரருக்காக நேர்ந்தது. பிழைத்தால் மாதா குளத்துப் பாதையில் முட்டிபோட்டு வருவதாக. அவர் பிழைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அந்த நேர்ச்சை அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தோம். அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு மணலில் முட்டி போட்டார். பக்கத்திலேயே குடையைப் பிடித்தபடி நடந்தேன்.

"அண்ணி, அவர்தான் இல்லையே. எதுக்கு இது?"

"இருபத்திரண்டு வருசம் இருந்தாரே. அதுக்கு யாரு நேந்துகிட்டா? ஒருத்தரும் நேந்துக்கல, சும்மாவே கெடைச்சுது." பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் அழுதார். "மாதா மேல கோவம் போயிடுச்சுன்னு நினைக்காத. அது பாட்டுக்கு இருக்கு" என்றார். பிறகு மீதித் தூரத்தையும் முட்டியிலேயே கடந்தார். அத்தை மெழுகுவத்திக் கடைப் பெண்ணிடம் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

ஊருக்கு வந்த பிறகு நான் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பிக்கவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, இடப்பக்கம் குறை, வலப்பக்கம் ஸ்தோத்திரம் என்று எழுதுகிறேன். இடப்பக்கத்தை முதலில் எழுதுவேன், பூசி மெழுகாமல். சில நாள் வலப்பக்கம் காலியாகவே கிடக்கும். அப்படிக் கிடந்தால் அத்தை வந்து எட்டிப்பார்த்து, "செவலை நேத்து நல்லா மேஞ்சுது, எழுது" என்பார்.

அறுப்பின் பண்டிகை இந்த வருஷம் வேண்டுமா என்று சபையில் பேச்சு வந்தது. படைக்க ஒருத்தர் வீட்டிலும் நெல் இல்லை. வைத்தே தீர வேண்டும் என்று சொன்னவர்கள் கிழவிகள்தான். கொல்லைப் பூசணி, முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி முட்டை, ஒரு வாழைத்தார் என்று பலிபீடம் நிறைந்தது. நாங்கள் முளைத்த நெல்லிலேயே ஒரு மரக்கால் கொண்டுபோனோம். அத்தைதான் அளந்து கொடுத்தார். ஐயர் அதை ஓரமாக ஒதுக்காமல் நடுவில் வைத்து, ஜெபத்தில் ஊரில் மூழ்கிய வயல்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார்: வடக்குப் பங்கு, தோப்புக்கட்டளை, வாய்க்கால்கரை. பெயர் வந்த வீட்டார் எழுந்து நின்றார்கள். பிறகு ஏலம். பூசணிக்காயை எடுத்தவர் திரும்பக் கோயிலுக்கே கொடுக்க, அது மறுபடி ஏலம் போக, அப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. முளைத்த நெல்லைக் கோழிக்குப் போட ஆகும் என்று என் கணவரே ஏலத்தில் எடுத்தார். நூறு ரூபாய். "நம்ம நெல்லுக்கு இந்த வருசம் கெடைச்ச வெலை இதான்" என்று அவர் சொல்ல, மழைக்கப்புறம் அன்றுதான் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். நோட்டில் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று அத்தையைக் கேட்டேன்.

"ரெண்டு பக்கத்துலயும் எழுது" என்றார்.