ஜே-1 விசா நேர்காணல்: தேதி எடுப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

படிப்பு, பயிற்சி, வேலை அனுபவம் போன்றவற்றுக்கான அமெரிக்கப் பரிமாற்றத் திட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றதும் எல்லோரும் முதலில் ஓடுவது அப்பாயின்ட்மென்ட் தளத்துக்குத்தான். அத்திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியது, திட்டத்தில் உங்களுக்கு இடம் உண்டு என்று காட்டும் டிஎஸ்-2019 படிவம். அதைத் தருவது தூதரகம் அல்ல, திட்டத்தை நடத்தும் ஸ்பான்சர். வந்த உடனே பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியலை விரித்து எழுதியிருப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் அதிகம் இடறும். தவறு இருந்தால் திருத்திய படிவம் வந்த பிறகே அடுத்த வேலை.

அந்தப் படிவத்தில் 'என்' (N) என்று தொடங்கும் செவிஸ் எண் இருக்கும்; செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்கள், பரிமாற்றத் திட்டத்தினர் பற்றிய அமெரிக்க அரசின் பதிவு அமைப்பு. அதை வைத்துத்தான் செவிஸ் கட்டணம் கட்ட வேண்டும். பெரும்பாலான ஜே-1 பிரிவுகளுக்கு அது 220 டாலர், கோடைக்கால வேலை-பயணத் திட்டத்துக்கு 35 டாலர். விசா விண்ணப்பக் கட்டணம் தனி. 2023 ஜூனில் அது 185 டாலராக உயர்ந்தது. ஒன்றைக் கட்டிவிட்டு இரண்டும் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்க அரசே நிதி தரும் திட்டங்களில் விலக்கு உண்டு, கட்டுவதற்கு முன் ஸ்பான்சரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது டிஎஸ்-160, அதாவது இணையத்தில் நிரப்பும் விசா விண்ணப்பப் படிவம். கொஞ்ச நேரம் கை வைக்காமல் விட்டாலே பக்கம் காலாவதியாகிவிடும், அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் சேமித்துக்கொண்டே போங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளையும் கேட்பார்கள். சமர்ப்பித்ததும் வரும் உறுதிப்படுத்தல் எண் 'ஏஏ00' என்று தொடங்கும். அந்த இரண்டும் பூஜ்யம், 'ஓ' எழுத்து அல்ல. இந்த எண்ணும் அப்பாயின்ட்மென்ட்டில் கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் புதிதாக டிஎஸ்-160 நிரப்பினால், அப்பாயின்ட்மென்ட் கணக்கிலும் எண்ணை மாற்றியாக வேண்டும். நான் யாருக்கு உதவினாலும் முதலில் சரிபார்க்கச் சொல்வது இதைத்தான்.

தேதி எடுப்பதில் என் கருத்து ஒன்றுதான்: 'வசதியான தேதி வரட்டும்' என்று காத்திருக்காதீர்கள். திட்டம் தொடங்குவதற்கு முந்தைய 30 நாளுக்குள்தான் அமெரிக்காவுக்குள் நுழைய முடியும், அதற்கு முன் முடியாது, ஆனால் விசாவை அதற்கு வெகு முன்பே வாங்கி வைக்கலாம். ஆகவே கிடைக்கிற முதல் தேதியை எடுங்கள். தொடக்க நாளுக்குப் பிந்தைய தேதிதான் இருக்கிறதா, அதையும் எடுங்கள். அவசர அப்பாயின்ட்மென்ட் கேட்க வேண்டுமானால், பொதுவாக ஏற்கெனவே ஒரு தேதி கையில் இருக்க வேண்டும். டிஎஸ்-2019-இல் உள்ள தொடக்க நாள்தான் அதற்கு வலுவான காரணம்.

பிறர் ரத்து செய்யும் இடங்கள் அவ்வப்போது திறக்கும், தினமும் பாருங்கள். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் தளத்தைத் தட்டினால் கணக்கு தற்காலிகமாக முடங்கலாம். தேதியை எத்தனை முறை மாற்றலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, அரை நாள் முன்னே வருகிறது என்பதற்காக அதை வீணாக்க வேண்டாம்.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால் ஸ்பான்சருக்கு எழுதுங்கள். தொடக்க நாளைத் தள்ளிவைத்துப் புதிய டிஎஸ்-2019 தர அவர்களால் முடியும். கடைசி வாரம் வரை பொறுத்திருக்காமல், நாள் நெருக்கும்போதே கேட்டால்தான் அவர்களுக்கும் அவகாசம் இருக்கும்.